போர்செட்டு மின் சோதனை: பார்த்தால் போதாது, அளக்க வேண்டும்

காரைக்கால் வட்டாரம் காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி. அரசலாறு, திருமலைராஜன் ஆறு, நாட்டாறு ஆகியவை கடலோடு கலக்கும் இடம் இது. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்பட்டாலும், தண்ணீர் இங்கு வந்து சேரப் பல நாட்கள் ஆகும். அதுவரை குறுவை நாற்றங்காலுக்குக் கை கொடுப்பது போர்செட்டு. அறுவடைக்குப் பின் போடும் பருத்திக்கும் அதுவே துணை.

பயிரில் நோய் கண்டால் இலை காட்டிக் கொடுத்துவிடும். மின் இணைப்பில் உள்ள பழுது அப்படி வெளியே தெரிவதில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், தண்ணீரும் கொட்டிக்கொண்டிருக்கும். ஆனால் மோட்டாருக்குள் சுருளின் காப்பு பழுதாகி, வெளிக்கூட்டில் மின்சாரம் கசியத் தொடங்கியிருக்கும். எர்த் கம்பியோ தரைமட்டத்தில் துருப்பிடித்து அறுந்து கிடக்கும். இரண்டு பழுதும் சேரும் நாளில், ஈரக் காலோடு மோட்டாரைத் தொடுபவர் உயிர் தப்புவது அரிது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, மின்சாரம் தாக்கி இந்தியாவில் இறந்தோர் தொகை 2019, 2020 ஆகிய இரு ஆண்டுகளிலும் 12,000-ஐத் தாண்டியது. இதில் உழவர் குடும்பங்கள் இழந்த உயிர்களும் அடங்கும்.

இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டறிய வழி உண்டு. அதுவே மின் சோதனை. ஆனால் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, ஒரு டெஸ்டரை வைத்துத் தொட்டுவிட்டு, "எல்லாம் சரி" என்று சொல்வது சோதனை ஆகாது. கருவி வைத்து அளந்து, அளவை எண்ணால் எழுதி வைப்பதே சோதனை.

யாருடைய பொறுப்பு?

"மின் இணைப்புக் கொடுத்தவர்களே வந்து சோதித்துக்கொள்வார்கள்" என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. இது சரியல்ல. கம்பம், மின்கம்பி, மீட்டர் வரையில் மின்துறையின் பொறுப்பு. மீட்டருக்கு அப்பால் உள்ள மெயின் சுவிட்சு, ஸ்டார்ட்டர், கேபிள், மோட்டார், அதன் எர்த் எல்லாம் இணைப்பு வைத்திருப்பவரின் பொறுப்பு.

மின் ஆய்வாளர் என்ற பதவி இந்திய மின்சாரச் சட்டத்தில் 1910-லேயே உண்டு. இப்போதைய 2003-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது தொடர்கிறது. 1956-ஆம் ஆண்டு மின் விதிகள் இருந்த இடத்தில் 2010-இல் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வந்தன. அவை 2023-இல் மீண்டும் புதுப்பிக்கப்பட்டன. ஆய்வாளர்கள் சிலரே, இணைப்புகளோ ஏராளம். வயல்தோறும் உள்ள சிறு இணைப்பை ஆய்வாளர் வந்து பார்ப்பார் என்று காத்திருக்க முடியாது. எனவே சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டியவர் விவசாயியே. சோதிக்க வேண்டியவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரோ, தகுதிச் சான்று பெற்ற வயர்மேனோ ஆவார்.

கடற்கரை மண்ணின் குணம்

எர்த் போடும்போது குழியில் கரியும் உப்பும் மாறி மாறிக் கொட்டுவது பழைய வழக்கம். மண்ணின் மின்தடையைக் குறைப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஆனால் திருமலைராஜன்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் மண்ணிலேயே உப்பு இருக்கும் நிலங்கள் உண்டு. அத்தகைய மண்ணில் எர்த் அளவு நல்லதாகவே கிடைக்கும். அதே உப்பு இரும்பையும் அரித்துவிடும். அங்கே மேலும் உப்பைக் கொட்டினால் எர்த் குழாயின் ஆயுள் குறையும். உவர் நிலத்தில் உப்பைத் தவிர்த்து, துத்தநாகப் பூச்சுக் கனமாக உள்ள குழாயைப் பயன்படுத்துவது நல்லது. குழாயின் உள்விட்டம் 38 மில்லி மீட்டருக்கும், நீளம் இரண்டரை மீட்டருக்கும் குறையக் கூடாது.

துரு முதலில் பிடிக்கும் இடம் குழாயும் கம்பியும் சேரும் போல்ட்டு முனை. அடுத்தது, கம்பி மண்ணுக்குள் இறங்கும் தரைமட்டம். பல கொட்டகைகளில் அந்த இடம் சேற்றாலும் புல்லாலும் மூடியிருக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

உள்ளே தள்ளியுள்ள களிமண் வயல்களில் வேறொரு சிக்கல். மாசி, பங்குனியில் களிமண் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். அப்போது குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே பிடிப்பு விட்டுப்போகும். கார்த்திகையில் 3 ஓம் காட்டிய எர்த், சித்திரையில் பல மடங்கு காட்டக்கூடும். மழைக்காலத்தில் அளந்துவிட்டு நிம்மதியாக இருப்பது தவறு. மின் வழங்குவோர் தங்கள் எர்த்தை வறண்ட பருவத்தில், வறண்ட நாளில், 2 ஆண்டுக்கு ஒரு முறையாவது அளக்க வேண்டும் என்று விதிகளே கூறுகின்றன. விவசாயிக்கும் அந்த முறையே பொருந்தும்.

எர்த் மட்டும் போதுமா?

இதை ஒரு கணக்கின் மூலம் பார்க்கலாம். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று. கொட்டகை எர்த்தின் தடை 5 ஓம். டிரான்ஸ்பார்மரின் எர்த்தும் 5 ஓம் என்று கொள்வோம். மோட்டாரின் உள்ளே ஒரு பேஸ் கம்பி கூட்டில் தொட்டுவிட்டது. 230 ஓல்ட்டை 10 ஓமால் வகுத்தால் 23 ஆம்பியர். 20 ஆம்பியர் பியூஸ் போட்டிருந்தால், 23 ஆம்பியரில் அது உடனே போய்விடாது. அதுவரை மோட்டார் கூட்டில் நிற்கும் அழுத்தம் 115 ஓல்ட்.

கொட்டகை எர்த் கெட்டு 20 ஓம் ஆகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அப்போது ஓடும் மின்சாரம் 9.2 ஆம்பியர் மட்டுமே. பியூஸ் போகவே போகாது. கூட்டில் 184 ஓல்ட் நின்றுகொண்டிருக்கும். ஈர உடம்பின் தடையைச் சுமார் 1,000 ஓம் என்று கொண்டால், தொடுபவர் உடலில் 184 மில்லி ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பகுதியே போதும்.

எனவே நல்ல எர்த்துடன், மின்கசிவுத் தடுப்பு சுவிட்சும் அவசியம். 30 மில்லி ஆம்பியர் வகைச் சுவிட்சு, அந்த அளவு கசிவு ஏற்பட்டதும் 0.3 விநாடிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். "அடிக்கடி விழுகிறது, தொந்தரவு" என்று சிலர் இந்தச் சுவிட்சைத் தாண்டி நேராகக் கம்பி கொடுத்துவிடுகிறார்கள். அது விழுவது தொந்தரவு அல்ல, எச்சரிக்கை. எங்கே கசிகிறது என்று தேட வேண்டுமே தவிர, காவல்காரனை வெளியேற்றக் கூடாது.

ஒரு கொட்டகைக்கு எவ்வளவு நேரம்?

முறையாகச் செய்தால் ஒரு போர்செட்டுக் கொட்டகையின் சோதனைக்கு ஏறக்குறைய இவ்வளவு நேரம் பிடிக்கும்:

மின்சாரத்தை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைக் கழற்றி, கண்ணால் பார்வையிட 20 நிமிடம்.
முனைகளைத் துடைத்து, திருகுகளை முடுக்க 20 நிமிடம்.
மெக்கர் வைத்துக் காப்புத் தடையை அளக்க 15 நிமிடம்.
எர்த் கம்பியின் தொடர்ச்சியையும் எர்த் தடையையும் அளக்க 30 நிமிடம்.
கசிவுத் தடுப்பு சுவிட்சைச் சோதிக்க 5 நிமிடம்.
மோட்டாரை ஓட்டி ஓல்ட்டும் ஆம்பியரும் பார்க்க 20 நிமிடம்.
அளவுகளை எழுத 10 நிமிடம்.

ஆக மொத்தம் 2 மணி நேரம். வரப்பில் நடக்கும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு வயர்மேன் ஒரு நாளில் 3 கொட்டகை பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் 4. ஒரே நாளில் 10 கொட்டகையை முடித்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் பார்த்திருக்கலாம், அளந்திருக்க முடியாது. கூலி பேசும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும். கொட்டகைக்கு இவ்வளவு என்று மிகக் குறைத்துப் பேசினால், குறைவது கூலி மட்டுமல்ல, சோதனையும்தான்.

சோதனை முறை

சோதனை நாளில் விவசாயி அருகில் நின்று, கீழ்க்கண்டவை நடக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும்.

1. மின்சாரத்தை நிறுத்துதல்: ஸ்டார்ட்டரை அணைத்தால் மட்டும் போதாது. மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டைகளைக் கழற்றி, வேலை செய்பவர் தம் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு 3 பேஸிலும் மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் உறுதி செய்ய வேண்டும்.

2. பார்வையிடுதல்: கருகிய முனை, உரிந்த கேபிள், எலி கடித்த இடம், பியூஸ் கட்டையில் முறுக்கிப் போட்ட தடித்த செம்புக் கம்பி, கூரை ஒழுகும் இடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மோட்டார் கூட்டிலிருந்து தனித்தனியாக 2 எர்த் இணைப்புகள் போக வேண்டும் என்பது விதி. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கும்.

3. காப்புத் தடை: இதை அளக்கும் கருவிக்கு மெக்கர் என்று பெயர். 1903-இல் இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் பதிவு செய்த வணிகப் பெயர், இன்று கருவிக்கே பெயராகிவிட்டது. 500 ஓல்ட் நேர்மின் அழுத்தத்தை ஒரு நிமிடம் கொடுத்து, ஒவ்வொரு பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் மோட்டாரை ஓட்டக் கூடாது. நீர்மூழ்கி மோட்டாரானால், ஸ்டார்ட்டர் முனையிலிருந்தே கேபிளோடு சேர்த்து அளக்கலாம். மோட்டாரை மேலே எடுக்க வேண்டியதில்லை. ஆட்டோமாட்டிக் ஸ்டார்ட்டர், செல்போன் மூலம் இயக்கும் கருவி போன்றவை இருந்தால் முதலில் அவற்றின் இணைப்பைப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிடில் 500 ஓல்ட் அவற்றைக் கெடுத்துவிடும்.

4. எர்த் தொடர்ச்சி: மோட்டார் கூட்டிலிருந்து எர்த் குழாய் வரை கம்பியின் தடை 1 ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். மண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கம்பி அறுந்திருந்தால் பயன் இல்லை.

5. எர்த் தடை: எர்த் டெஸ்டர் கருவிக்கு 2 இரும்பு முளைகள் தேவை. தூரத்து முளையை எர்த் குழாயிலிருந்து 30 மீட்டரில் அடித்தால், நடுமுளையை அதே நேர்கோட்டில் 18 மீட்டர் அளவில் அடிக்க வேண்டும். நடுமுளையைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தினாலும் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே வந்தால் அதை ஏற்கலாம். உளுந்தோ பருத்தியோ நிற்கும் வயலானால் வரப்பு ஓரமாகவே முளைகளை அடிக்கலாம்; பயிரை மிதிக்க வேண்டியதில்லை. 5 ஓமுக்கு மேற்படாமல் வைத்துக்கொள்வது நல்லது. கூடினால் இன்னொரு குழாயைச் சற்றுத் தள்ளி இறக்கி இரண்டையும் இணைக்க வேண்டும்.

6. கசிவுத் தடுப்பு சுவிட்சு: அதில் உள்ள சோதனைப் பொத்தானை, மின்சாரம் உள்ளபோது அழுத்தினால் சுவிட்சு உடனே விழ வேண்டும். சில வகைகளில் நியூட்ரல் கம்பி கொடுக்காவிட்டால் பொத்தான் வேலை செய்யாது. இணைப்புக் கொடுக்கும்போதே இதைக் கவனிக்க வேண்டும். பொத்தான் சோதிப்பது சுவிட்சை மட்டுமே. எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

7. ஓட்டிப் பார்த்தல்: 3 பேஸுக்கும் இடையே அழுத்தம் 390 முதல் 440 ஓல்ட்டுக்குள் இருக்க வேண்டும். டாங் டெஸ்டரால் 3 கம்பியிலும் ஆம்பியரை அளக்க வேண்டும். 5 குதிரைத்திறன் மோட்டார் முழுப் பளுவில் சுமார் ஏழரை ஆம்பியர் எடுக்கும். மோட்டாரின் பெயர்த் தகட்டில் உள்ள அளவை மீறினாலோ, ஒரு பேஸ் மற்றவற்றிலிருந்து மிகவும் வேறுபட்டாலோ காரணம் தேட வேண்டும். ஸ்டார்ட்டர் ரிலேயைத் தகட்டு அளவுக்கே வைக்க வேண்டும். "விழாமல் இருக்கட்டும்" என்று கூட்டி வைப்பதே மோட்டார் சுருள் கருகுவதற்குப் பல இடங்களில் காரணம்.

எந்தப் பருவத்தில்?

முழுச் சோதனைக்கு ஏற்ற காலம் சம்பா, தாளடி அறுவடை முடிந்தபின், மாசி முதல் சித்திரை வரை. மண் காய்ந்திருக்கும், வயர்மேனுக்கும் நெருக்கடி குறைவு. வைகாசி கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் யாருக்கும் நேரம் கிடைக்காது. 40 போர்செட்டு உள்ள ஊருக்கு, நாளைக்கு 4 வீதம் 10 முழு நாட்கள் வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு முன்னதாகவே நாள் குறிக்க வேண்டும்.

புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒரு சிறு சோதனை போதும். மெக்கர் அளவு, எர்த் கம்பி முனை, கூரை ஒழுக்கு ஆகிய மூன்றையும் பார்த்தால் சரி.

கூட்டாகச் செய்தால் செலவு குறையும்

ஒரே வாய்க்காலில் பாயும் 4 விவசாயிகள் சேர்ந்து ஒரே நாளில் ஒரு வயர்மேனை அழைத்தால் பலருக்கும் நன்மை. வயர்மேனுக்கு அலைச்சல் இல்லை. எர்த் டெஸ்டரை வாடகைக்கு எடுத்தாலும் ஒரு நாள் வாடகை நான்காகப் பிரியும். சோதனை நாளுக்கு முன்பே விவசாயிகள் கொட்டகையைக் கூட்டி, எர்த் குழி மூடியைத் திறந்து வைத்து, புல்லைச் செதுக்கி வைத்தால் ஒவ்வொரு கொட்டகையிலும் கால் மணி நேரம் மிச்சமாகும்.

நெடுங்காடு போன்ற எல்லையோரப் பகுதிகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வரப்பின் ஒரு புறம் புதுவை மாநிலம், மறு புறம் தமிழ்நாடு. இரண்டு பக்கமும் நிலம் உள்ளவர்கள், எந்த இணைப்பு எந்த மின் அலுவலகத்தைச் சேர்ந்தது என்பதை இணைப்பு எண்ணோடு கொட்டகைச் சுவரிலேயே எழுதி வைப்பது நல்லது. கம்பி அறுந்து விழும் நேரத்தில் அலுவலகத்தைத் தேடி அலைய நேராது.

வெள்ளம் புகுந்த கொட்டகை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும், 2018 நவம்பரில் வந்த கஜா புயலும் இந்தக் கடற்கரை மறக்க முடியாதவை. கொட்டகைக்குள் தண்ணீர் ஏறி வடிந்த பின், "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சுவிட்சைப் போடுவது மோட்டாருக்கும் ஆளுக்கும் ஆபத்து. மெக்கர் அளவு 1 மெகா ஓமைத் தாண்டும் வரை ஓட்டக் கூடாது. தரை மோட்டாருக்குள் கடல்நீர் புகுந்திருந்தால், பிரித்து நல்ல தண்ணீரில் அலசிய பிறகே உலர்த்த வேண்டும். உப்போடு உலர்த்தினால், காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் கசிவு திரும்ப வரும். ஸ்டார்ட்டரையும் மெயின் பெட்டியையும் பழைய வெள்ளக்குறிக்கு மேல் உயர்த்திப் பொருத்துவது நிரந்தரமான வழி.

நோட்டுப் புத்தகம் ஒன்று போதும்

மண் பரிசோதனை முடிவைப் பத்திரப்படுத்துவது போல, மின் சோதனை அளவுகளையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். தேதி, மண் ஈரமா வறட்சியா, 3 பேஸின் மெக்கர் அளவு, எர்த் தடை, ஓல்ட், ஆம்பியர், சோதித்தவர் கையொப்பம் ஆகியவை இருந்தால் போதும்.

இதன் பயன் பெரியது. சென்ற ஆண்டு 20 மெகா ஓம் காட்டிய மோட்டார் இந்த ஆண்டு 4 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1-க்கு மேல் இருப்பதால் விதிப்படி அது தேறிவிட்டது. ஆனால் 20 எதற்காக 4 ஆயிற்று? ஈரம் புகுந்திருக்கலாம், கேபிள் இணைப்பின் மேல் சுற்றிய டேப் விட்டிருக்கலாம். நடவு நடுவில் மோட்டார் நின்றுபோகும் முன்பே, கோடையில் நிதானமாகச் சரி செய்துகொள்ளலாம். எழுதி வைக்காதவருக்கு 4 என்பது வெறும் எண். எழுதி வைத்தவருக்கு அது முன்னறிவிப்பு.

தானே செய்யக்கூடியதும் கூடாததும்

மாதம் ஒரு முறை கசிவுத் தடுப்பு சுவிட்சின் பொத்தானை அழுத்திப் பார்ப்பது, எர்த் கம்பி தரையில் இறங்கும் இடத்தைப் பார்ப்பது, கொட்டகையை ஈரமில்லாமல் வைத்திருப்பது, காய்ந்த பலகையோ ரப்பர் விரிப்போ மேல் நின்று ஸ்டார்ட்டரை இயக்குவது ஆகியவற்றை விவசாயி தானே செய்யலாம். பியூஸ் கட்டைக்குத் தடித்த கம்பி போடுவதும், கம்பத்தில் ஏறுவதும், ஸ்டார்ட்டரைத் திறந்து பழுது பார்ப்பதும் கூடாது. எலிக்கோ பன்றிக்கோ வயலைச் சுற்றி மின்கம்பி கட்டுவது சட்ட விரோதம். அந்தக் கம்பி எலியென்றும் மனிதர் என்றும் பார்ப்பதில்லை.

மோட்டாரைத் தொட்டால் லேசாகச் "சுரீர்" என்கிறது என்று யாராவது சொன்னால், அதை அற்பமாக எண்ணக் கூடாது. அந்த நிமிடமே மெயினை அணைத்து, வயர்மேன் வந்து அளக்கும் வரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவரை மின்சாரம் பிடித்துவிட்டால் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த மரக்கழியால் விலக்க வேண்டும். வெறுங்கையால் தொடக் கூடாது. மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே, 108-க்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

ஒரு கொட்டகைக்கு ஆண்டில் 2 மணி நேரம், ஒரு வயர்மேனின் கூலியில் ஒரு பங்கு, ஒரு நோட்டுப் புத்தகம். மோட்டாரைச் சுருள் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஓர் உயிரோடு ஒப்பிடவே முடியாது. எனவே, இந்த ஆண்டு உளுந்து அறுவடை முடிந்தவுடன், வாய்க்காலில் பாயும் பக்கத்து நிலத்தாரோடு பேசிச் சோதனைக்கு நாள் குறிப்பது நல்லது.